சல்லடையில் தங்கிய ஊதுபத்திக் குச்சி

நான் உண்டாக்கியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் குறுக்கே பேச முடியாது.

பெங்களூரில் நான் வேலை பார்த்த மண் பரிசோதனைக் கூடத்தில் மண் காயவைக்கும் அறை நான் உண்டாக்கியது. சுவர் ஏற்கெனவே இருந்தது, உண்மைதான். உள்ளே உடைந்த நாற்காலிகளும், ஓடாத குளிர்பெட்டியும், அதற்குள் ஒரு எலிக் குடும்பமும் இருந்தன. மூன்றையும் காலி செய்தது நான். பிரேசர் டவுனில் மூடிப்போன ஒரு பேக்கரியின் ரொட்டித் தட்டுகளைப் பேசி வாங்கி, ஆட்டோவில் மடியில் அடுக்கிக்கொண்டு வந்து, மண் பரப்பும் தட்டுகளாக ஆக்கியது நான். கொய்யாக் கட்டையில் மரச் சுத்தியல் செதுக்கியது நான். சல்லடைக்கு நாலு கால் வைத்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கியதும் நான்தான். அதற்கு முன் எல்லோரும் குத்துக்காலிட்டுச் சலித்தார்கள்; சாயங்காலம் ஒருவரை ஒருவர் கைகொடுத்துத் தூக்கிவிடுவார்கள். எந்தப் பொட்டலம் யாருடையது என்று குழம்பாமலிருக்கத் தட்டுக்குத் தட்டு வண்ண நூல் கட்டியவனும் வேறு யாருமில்லை.

இத்தனையும் செய்தபோது என் படிப்பு நாலாம் வகுப்பு. இப்போதும் அதுதான். மேலே படிக்க நேரம் கிடைக்கவில்லை, வேலை இருந்தது.

அல்சூரில் நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு “உங்கள் உத்தியோக அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் ஐயா” என்று கேட்டபோது முதலில் மறுத்தேன். அதற்கு அடுத்த வாரமே லேபில் விழா என்று கூப்பிட்டார்கள். போனேன். இப்போதைய மேனேஜர் நிகில், நல்ல தம்பி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டினார். என் அறைக்கு வந்ததும் சுவரலமாரியில் வரிசையாக இருக்கும் சின்னக் கிண்ணங்களைக் காட்டி, “இது ஒரு இன்டர்நேஷனல் பிராக்டிஸ். நம்ம மேனேஜ்மெண்ட் கொண்டுவந்தது” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் கையில் சமோசா இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிண்ணம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் வசுந்தரா மேடத்தில் ஆரம்பிக்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட கதையை நீட்ட மாட்டேன். சிவாஜிநகரில் மூட்டை தூக்கினேன், கண்டோன்மெண்டில் ஒரு பங்களாவில் ரோஜாப் பாத்தி பார்த்தேன், ஒரு நர்சரியில் தொட்டிக்கு மண் கலந்தேன். அந்த நர்சரிக்குச் செம்மண் வாங்க வந்த வசுந்தரா மேடம், நான் மண்ணை உருட்டிப் பார்ப்பதைக் கண்டு, புதிதாக லேப் ஆரம்பிக்கிறேன், வருகிறீர்களா என்றார். மண்ணுக்கு லேபா என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டே சேர்ந்தவன், தலை நரைத்துத்தான் வெளியே வந்தேன்.

மேடம் மைசூர்க்காரர். மண்ணிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் தமிழைக் கன்னடம் போலப் பேசுவார், நான் கன்னடத்தைத் தமிழ் போலப் பேசுவேன், நடுவில் எங்கேயோ இருவரும் சந்தித்துக்கொள்வோம். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் பையில் போட்டுக்கொள்வார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பவர் முகம் தெரியாது. உன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை என்று அதற்குப் பொருள். திட்டையே தாங்கியவர்கள்கூட அந்தக் கண்ணாடியைத் தாங்கமாட்டார்கள்.

“மண் நல்லா இருக்கா மேடம்?” என்று யாராவது கேட்டால் பதில் சொல்லவே மாட்டார். “எதுக்கு நல்லா? செங்கல் அறுக்கவா, ரோஜா வைக்கவா?” என்று திருப்பிக் கேட்பார். அவர் தரும் அறிக்கையின் அடியில் எறும்பு அளவு எழுத்தில் ஒரு வரி இருக்கும்: இந்த முடிவுகள் எங்களிடம் தரப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும். எல்லா லேபும் போடும் வரிதான். நான் அதற்குத் ‘தப்பிக்கும் வரி’ என்று பெயர் வைத்திருந்தேன். மேடம், “அந்தப் பேப்பர்ல முழுசா நிஜமான வரி அது ஒண்ணுதான் ஏழுமலை” என்பார்.

அவருடைய அறையில் ஆசிட் நெடி அடிக்கும். அதனால் டீயை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து, தட்டுகளுக்கு நடுவே நின்றபடி குடிப்பார். அவர் குடிக்கும்வரை நான் பேசுவேன். என்னைப் பற்றித்தான். வேறு எதைப் பற்றிப் பேசுவது?

பொட்டலம் வந்ததும் மண் நேரே மெஷினுக்குள் போய்விடுகிறது என்றுதான் சனங்கள் நினைக்கிறார்கள். அது என் கையைத் தாண்டித்தான் போகும். முதலில் தட்டில் காகிதம் விரித்து மண்ணைப் பரப்ப வேண்டும். அச்சடித்த செய்தித்தாள் கூடாது, மை இறங்கும். நிழலில் காயவேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும். சீக்கிரம் காய்ந்த மண் பொய் சொல்லும். காய்ந்த கட்டியை மரச் சுத்தியலால் தட்டவேண்டும். இரும்பால் தட்டினால் இரும்பு தன்னையும் கொஞ்சம் மண்ணுக்குக் கொடுத்துவிடும். பிறகு மெஷின், மண்ணில் இரும்புச் சத்து பிரமாதம் என்று எழுதும். தட்டிய பின் சலிக்க வேண்டும். கல், வேர், குப்பை மேலே தங்கும். கீழே இறங்கியதைக் குவித்து, அடை தட்டுவதுபோல் பரப்பி, நடுவில் கூட்டல் குறி போட்டு நாலாக்கி, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி நாலாக்கி, மறுபடி தள்ளி, கடைசியில் ஒரு கைப்பிடி நிற்கும். மெஷின் பார்ப்பது அதிலும் ஒரு சிட்டிகையைத்தான். ஒரு தோட்டத்தின் தலையெழுத்தே அந்தச் சிட்டிகையில் இருக்கிறது. அந்தச் சிட்டிகை எது என்று தீர்மானித்தவன் நான். டாக்டர்கள் அதைப் படித்தார்கள், அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள் மண் கொண்டுவரும் அழகே அழகு. யூரியா மூட்டையில் கொண்டுவந்து, மண்ணில் சத்து இருக்கிறதா என்று கேட்பார்கள். இட்லி மாவு கவரில் வரும், நெய் ஊறிய மிட்டாய்ப் பெட்டியில் வரும். ஒரு பெரியவர் டிபன் பாக்ஸில் கொண்டுவந்து, “பாக்ஸைக் கழுவிக் குடுத்துடுப்பா, மத்தியானம் சோறு எடுத்துக்கினு போவணும்” என்றார். ஐடி கம்பெனித் தம்பிகள், ரத்தப் பரிசோதனை செய்து பழகியவர்கள், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டுமா என்று கேட்பார்கள். அதாவது உரம் போடுவதற்கு முன்பா, பின்பா என்று. முடிவு வந்ததும் பத்துக்கு எத்தனை மார்க் என்பார்கள். மண்ணுக்கு நாலு ஸ்டார் போட்டுத் தந்தால் கோயிலில் தேங்காய் உடைப்பார்கள்.

அப்படி வந்தவர்தான் பிரபாகர் சார்.

வைட்ஃபீல்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. பேர் சொல்ல மாட்டேன். இத்தாலிய மொழிப் பேர், சொல்ல நினைத்தாலும் வாயில் நுழையாது. அதன் சங்கச் செக்ரட்டரி பிரபாகர், கோயம்புத்தூர்க்காரர். தன்மையான மனுஷர், ஆனால் எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார்.

“எங்க லான் பூரா மஞ்ச மஞ்சளா போயிருச்சுங்க மேடம். ஓரமெல்லாம் கருகுது. ரெண்டு லேப்ல மண்ணு குடுத்துட்டோம். உங்களது மூணாவது. மெஜாரிட்டி எடுத்துக்கலாம்னு இருக்கோம்.”

“மண்ணுக்கு எலெக்‌ஷனா?” என்றார் மேடம்.

“டேட்டா வேணும்ங்கல்ல மேடம். மண்ணு சரியில்லேன்னா பில்டரைக் கேப்போம். மண்ணு சரியா இருந்துச்சுன்னா…” அவர் திரும்பாமலே கட்டைவிரலால் முதுகுக்குப் பின்னால் காட்டினார். “மெயின்டெனன்ஸ் சைடு மாத்தணும்.”

மெயின்டெனன்ஸ் சைடு அங்கே நின்றுகொண்டிருந்தது. பேர் முனியம்மா. அந்தத் தோட்டத்துக்கு அவள்தான் தோட்டக்காரி. குடியிருப்பு கட்டி முடித்த நாளிலிருந்து அங்கே இருப்பவள். புதுக் கவரில் மண்ணைப் போட்டு, கவரின் வாயை மடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். பிரசாதம் வாங்கி வந்தவள் போல.

அவர் சொன்னது அவளுக்குப் புரியவில்லை, எனக்கும் அப்போது உறைக்கவில்லை. பிரபாகர் சார் மேடத்தோடு உள்ளே போனதும் என் பக்கம் வந்தாள்.

“அண்ணே, இது பாஸ் ஆயிடுமா?”

“இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? இந்த ஏழுமலை சலிச்சா எந்த மண்ணும் பாஸ்தான்.”

“பாஸ் ஆவணும்ணே. என் வேலையே இதுலதான் கீது. வூட்டுக்காரருக்கு முதுகு ஒடிஞ்சி படுத்துக்கினுகீறாரு. அந்த பில்டிங்க வுட்டா எனக்கு வேற போக்கு இல்ல.”

“தைரியமா போ. உன் மண்ண நானே தனியா பாத்துக்கிறேன்.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். என்னைக் கும்பிட்டவர்கள் நிறையப் பேர். அவள் கும்பிட்டது ஞாபகம் இருக்கிறது.

சொன்ன வாக்குக்காகவே அந்த மண்ணை விசேஷமாகக் கவனித்தேன். கறுப்பாக, மெத்தென்று, தட்டில் கொட்டியபோதே நல்ல வாசம். மரச் சுத்தியலே தேவைப்படவில்லை, கையில் உதிர்ந்தது. சல்லடையில் சில குப்பைகள் தங்கின. ஊதுபத்திக் குச்சி துண்டு துண்டாக, எரிந்த திரி ஒன்று, மஞ்சள் அரிசி, குங்குமம் ஒட்டிய ஒரு கட்டி. சோம்பேறி என்றால் சல்லடையைத் தட்டிவிட்டுப் போயிருப்பான். நான் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துவிட்டு, மண்ணைப் பன்னீர் தெளித்ததுபோல் சுத்தமாக்கி மேடத்திடம் அனுப்பினேன்.

முடிவு வந்தது. பிரமாதமான மண். எல்லாமே இருக்க வேண்டிய அளவில் இருந்தது. மேடமே அறிக்கையை இரண்டு தரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அறிக்கை போன சில நாளில் பிரபாகர் சார் போன் செய்தார். மேடம் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்திருந்ததால் அவர் பேசியது எனக்கும் கேட்டது.

“மூணு லேபும் ஒரே மாதிரி சொல்லிருச்சுங்க மேடம்! நான் எதிர்பார்க்கவே இல்லீங்க. லேபுன்னாலே ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கும்பாங்க. உங்க லேப் செம ரிலயபிள்னு எங்க குரூப்ல போட்டுட்டேன். மண்ணுல தப்பில்லேன்னு ப்ரூவ் ஆயிருச்சுங்கல்ல, ஞாயித்துக்கெழம மீட்டிங்ல அந்தம்மாவை அனுப்பிட்டு ஒரு ஏஜென்சியப் போட்டுர்றோம்.”

போன் வைத்ததும் லேபில் எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று லேப் ஒரே முடிவு சொல்வது எங்கள் தொழிலில் தினமும் நடப்பதல்ல. எனக்கு மட்டும் முனியம்மா கையெடுத்துக் கும்பிட்டது கண்ணில் நின்றது. பாஸ் ஆக்கிவிடுகிறேன் என்றேன், பாஸ் ஆக்கிவிட்டேன். அதனாலேயே அவள் வேலை போகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மனசு சரியில்லாவிட்டால் நான் என் பெருமையைப் பேசுவது வழக்கம். அன்று டீ நேரத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் கிடைத்தார்கள். மேடமும் டீயோடு வந்து நின்றார்.

“ரிலயபிளுன்னு சும்மா சொல்லல அந்த சாரு,” என்றேன். “மெஷின் எல்லா லேப்லயும் ஒரே மெஷின்தான். ஏழுமலை மாதிரி கை எவன்கிட்ட கீது? அந்த வைட்ஃபீல்ட் புல்தரை மண்ணையே எடுத்துக்கோ. எவ்ளோ குப்பை தெரியுமா? ஊதுபத்திக் குச்சி, எரிஞ்ச திரி, அட்சதை அரிசி, குங்குமக் கட்டி. ஒண்ணொண்ணா பொறுக்கினேன். வேற லேபா இருந்தா வுட்டுட்டு இருப்பான்.”

மேடத்தின் டீ பாதி வழியில் நின்றது.

“ஏழுமலை, புல்தரையில யாருக்குப் பூஜை?”

“பணக்காரங்க வூட்டுல எதுக்கு வேணாலும் பூஜை போடுவாங்கோ மேடம். கார் வாங்கினா போடுறாங்கோ, கம்ப்யூட்டருக்குப் போடுறாங்கோ. புல்லுக்கும் போட்டிருப்பாங்கோன்னு…”

“புல்லு வேர் இருந்ததா அதுல?”

யோசித்துப் பார்த்தேன். “ஒண்ணுகூட இல்ல மேடம். அதான் சொன்னேனே, அவ்ளோ சுத்தம்.”

மேடம் டீயைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டார். பிறகு அவரே எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கண்ணாடி அப்படித் திரும்பி வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

“அந்தக் குப்பை எங்கே?”

குப்பைத் தொட்டியில்தான், நிறைந்த பிறகுதான் அதைக் காலி செய்வோம். நான் கவிழ்த்தேன். நாலைந்து பேருடைய தோட்டத்துக் கல்லும் வேரும் கலந்து கிடந்தன. அதில் கைவிட்டு ஒரு ஊதுபத்திக் குச்சியைத் தேடி எடுத்து நீட்டினேன். மேடம் அதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“மூணு லேபும் ஒரே ரிசல்ட் ஏன் சொன்னாங்கன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றார். “காரை எடுக்கச் சொல்லுங்க.”

“இப்பவா மேடம்? அதான் அடியில தப்பிக்கும் வரி கீதே. நம்ம கைல குடுத்த மண்ணுக்கு மட்டும்தானே நாம பொறுப்பு?”

“அந்த வரி எழுதினது நான். அதுக்குப் பின்னாடி நானே ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?”

அன்று சனிக்கிழமை. வைட்ஃபீல்ட் போகிற வழியில் மண்வெட்டியே வேண்டாம், ரோடு முழுக்கத் தோண்டித்தான் வைத்திருந்தார்கள். ஒரு சிக்னலில் நின்றபோது மேடம் என் பக்கம் திரும்பினார். “இத்தனை வருஷம் உங்க பேச்சால எனக்குத் தலைவலிதான் ஏழுமலை. இன்னிக்குத்தான் முதல் தடவையா உபயோகம்.” இந்த வாக்கியத்தை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். இதைவிடப் பெரிய சான்றிதழ் வாங்கியவர் யாராவது இருந்தால் சொல்லட்டும்.

குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாரைப் பார்க்கவேண்டும் என்றார். “மண்ண” என்றேன். அவருடைய போனில் அந்தப் பேரில் குடியிருப்பவர் யாருமில்லை. பிரபாகர் சார் இறங்கி வரும்வரை வெளியில் நிறுத்திவிட்டார்.

உள்ளே நுழைந்ததும், வரவேற்புக் கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு துளசி மாடம். மாடத்தில் கருகருவென்று துளசி, கோலம், விளக்கு, ஊதுபத்திச் செருகி. அதைத் தாண்டினால் புல்தரை, சொறி பிடித்த நாய் முதுகுபோல. முனியம்மா குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைச் சொம்பில் எடுத்து மாடத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மேடம் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டார். “லேபுக்குக் குடுத்தீங்களே முனியம்மா, அந்த மண்ணு எங்கே எடுத்தது?”

“இங்கதான் மேடம்,” என்று மாடத்தைக் காட்டினாள். “மூணு கவரும் இதுலதான் எடுத்தேன்.”

பிரபாகர் சாருக்குக் கோபம் ஏறிவிட்டது. “லான் மண்ணு எடுங்கன்னுதானுங்க சொன்னேன்!”

“இன்னா சார் பேசுறீங்கோ? அங்க நாலு வூட்டு நாய் ஒண்ணுக்குப் போவுது. அந்த மண்ணயா ஒரு பெரிய டாக்டரம்மா கைல குடுப்பாங்கோ? பொண்ணு பாக்க வந்தா கிழிஞ்ச பாயையா விரிப்போம்? பரிட்சைக்குப் போற மண்ணு, நல்லதா பாத்துத்தான் அனுப்பினேன். மூணு எடத்துலயும் பாஸ்னு வேற சொன்னாங்கோ.”

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. “அது பாஸ் ஆனதாலதாம்மா உனக்கு வேல போவுது.”

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “பாஸ் ஆனா வேல போவுமா? இது எந்த ஊரு ஞாயம்ணே?”

பிரபாகர் சார் போனைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு மேடம் புடவையைச் செருகிக்கொண்டு புல்தரையில் இறங்கினார். மண் எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நடைபாதை ஓரம் கூடாது, மரத்தடி கூடாது, உரம் குவித்த இடம் கூடாது. குடிகாரன் நடப்பதுபோல் வளைந்து வளைந்து போய், இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தோண்ட வேண்டும். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, ‘வி’ எழுத்துப்போல் சாய்வாக வெட்டி, வெட்டிய பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கலக்க வேண்டும். நான் வெட்ட, மேடம் சீவினார். மண்ணின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மேடம் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

வாளி கழுவத் தண்ணீர் கேட்டபோது, பம்பு அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே உப்பு மூட்டை கூரைவரைக்கும் அடுக்கியிருந்தது.

“இன்னா சார், இங்க ஊறுகாய் ஃபேக்டரி நடத்துறீங்களா?” என்றேன். வேடிக்கையாகத்தான்.

“அது சாஃப்ட்னருக்குங்க்ணா, தண்ணியோட கடினத்த எடுக்கற மெஷினு. போர் தண்ணில எல்லாத்துக்கும் முடி கொட்டுதுங்கல்ல. மீட்டிங்ல நான்தான் ஃபைட் பண்ணி வாங்குனேன். உப்பு போட்டுத்தான் அந்த மெஷினக் கழுவணும்.” சொல்லிக்கொண்டே அவர் கை தலைக்குப் போனது.

மேடம் பம்பு அறை வாசலில் நின்றார். “கழுவின உப்புத் தண்ணி எங்கே போகுது?”

“டிரெய்னேஜுக்குங்க.”

“டிரெய்னேஜ்?”

“எங்க பிளான்ட்டுக்குங்க. கழிவுத் தண்ணிய அங்கதான் சுத்தம் பண்றோம்.”

“அந்தப் பிளான்ட் உப்பை எடுக்குமா?”

“அது… எடுக்காதுங்க.”

“சுத்தம் பண்ணின தண்ணி?”

பிரபாகர் சாரின் கண் தானாகப் புல்தரைப் பக்கம் போனது.

“கார்டனுக்குங்க மேடம்,” என்றார், சின்னக் குரலில்.

மறுநாள் மீட்டிங். எடுத்த மண் என் தட்டில் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் வைத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னதற்கு மேடத்தின் கண்ணாடி பைக்குள் போனது. ஆகவே கையில் முடிவு இல்லாமல்தான் மீட்டிங்குக்குப் போனோம். நானும் போனேன், கடைசி வரிசையில். முனியம்மா கதவருகே நின்றாள்.

மேடம் எழுந்து, “என் ரிப்போர்ட் தப்பில்லை. ஆனா அது உங்க துளசி மாடத்தோட ரிப்போர்ட்” என்றார்.

ஒருவர் கேட்டார்: “அப்போ மத்த ரெண்டு லேபும் தப்பா?”

“அவங்களும் சரி. மூணு பேரும் சரியாத்தான் சொன்னோம். உங்க தோட்டத்தை யாருமே பாக்கலை.”

“மூணு ரிசல்ட்டும் அவ்ளோ கரெக்டா மேட்ச் ஆச்சே மேடம்?” இது இன்னொருவர்.

“ஒரே தொட்டியை மூணு பேர் பாத்தா மேட்ச் ஆகாம என்ன ஆகும்?”

ஒரு அம்மாள் கையைத் தூக்கினார். “துளசிக்கு ஒண்ணும் பிரச்னை இல்லையே?”

முனியம்மாவை அனுப்பும் தீர்மானத்தை அந்த வாரம் தள்ளி வைத்தார்கள். மண் தன் போக்கில் காய்ந்தது. தட்டினேன், சலித்தேன், நாலாக்கினேன். இந்த முறை சல்லடையில் புல்வேர்தான் தங்கியது. முடிவில் உப்பு, மேடம் போட்ட கோட்டைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. பாத்தியில் புல் வளர்ப்பதை விட்டுவிட்டுக் கருவாடு காயப் போடலாம் என்றேன். மேடம் அதை அறிக்கையில் எழுதவில்லை.

அடுத்த மீட்டிங்கில் முடியா, புல்லா என்று ஓட்டெடுத்தார்கள். முடிக்கே மெஜாரிட்டி. தலை வழுக்கையான ஒருவர் மட்டும் புல்லுக்குப் போட்டார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். சாஃப்ட்னர் இருந்துவிட்டுப் போகட்டும், அதன் உப்புத் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து வெளியேற்றுவது, தோட்டத்துக்கு மழைத் தொட்டித் தண்ணீர் விட்டு உப்பை இறக்குவது என்று முடிவானது. அதைச் செய்ய ஆள் வேண்டுமே. முனியம்மா தங்கினாள்.

பிரபாகர் சாரைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோர் முன்னாலும் அவளிடம், “சாரிங்க்கா, உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்” என்றார்.

முனியம்மா அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. “சாரு, அந்த மூணு பேப்பர் கீதே, என் மாடத்து மண்ணு நல்லா கீதுன்னு எழுதினது. அத்த எனக்குக் குடுத்துடுங்கோ” என்றாள். அவரே மூன்றையும் லேமினேட் செய்து கொடுத்தார். துளசி மாடத்துக்கு மேலே வரிசையாக மாட்டியிருக்கிறாள். பெங்களூரில் மூன்று லேப் சேர்ந்து சான்று கொடுத்த ஒரே துளசி அதுதான்.

லேபுக்குத் திரும்பிய அன்றே மேடம் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் சல்லடையில் தங்குவது எதையும் எறியக் கூடாது, பொட்டலத்துக்கு ஒரு கிண்ணம், அறிக்கையில் கையெழுத்துப் போடும்போது கிண்ணம் தன் மேசைமேல் இருக்க வேண்டும் என்றார். கிண்ணம் வாங்கி வந்தது நான். அலமாரி அடித்தது நான். தாவரப் பாடமே படிக்காமல், கிண்ணத்தைப் பார்த்தே தப்பான மண்ணைத் திருப்பி அனுப்பியது எத்தனை முறை! ஒரு முறை வேரே இல்லாத ‘மாந்தோப்பு மண்’ வந்தது. ஒரு முறை சிமெண்ட் கட்டி நிறைந்த ‘காய்கறிப் பாத்தி’ வந்தது. லேபின் பேர் ஊருக்குள் நின்றதற்கு அந்தக் கிண்ணங்கள்தான் காரணம் என்று இன்றும் நிகில் தம்பியே விழாவில் சொல்கிறார். யாருடைய கிண்ணம் என்பதில்தான் அவருக்குத் தகவல் குறைவு.

விழாவில் ஒரு பெயர்ப் பலகை திறந்தார்கள். வசுந்தரா மேடத்தின் பேர் மேலே இருந்தது. இருக்கட்டும், நியாயம். அதன் கீழே விஞ்ஞானிகள், அதிகாரிகள், மெஷின் தந்த கம்பெனிக்காரர். கட்டடத்துக்கு வெள்ளையடித்தவர் பேர்கூட இருந்தது என்று சொன்னால் மிகை, ஆனால் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. என் பேர் இல்லை.

மைசூரில் ஓய்வாக இருக்கும் மேடத்துக்குப் போன் செய்து, அந்தக் கிண்ணம் யாரால் வந்தது என்று கேட்டேன். “அன்னிக்கு நீங்க பெருமை அடிச்சுக்காம வாய மூடிட்டு டீ குடிச்சிருந்தா, முனியம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க ஏழுமலை. அது நிஜம்” என்றார். போதும். சாட்சி வந்துவிட்டது. குச்சியைப் பார்த்தவன் நான், பொறுக்கியவன் நான், அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவனும் நான். பேசாதவனாக இருந்திருந்தால் அந்தக் குச்சி மாநகராட்சி வண்டியில் போயிருக்கும்.

ஆகவே லேபின் இப்போதைய நிர்வாகத்துக்கு இந்த மலரின் வாயிலாக என் கோரிக்கை. எனக்கு மாலை வேண்டாம், சால்வை வீட்டில் இருக்கிறது. கிண்ண அலமாரிக்கு மேலே ஒரு பலகை வையுங்கள், கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. ‘இந்த வழக்கம் ஏழுமலையால் வந்தது’ என்று எழுதுங்கள். ஒரு துளசித் தொட்டிக்கு மூன்று சான்றிதழ் கொடுத்த ஊர், எனக்கு ஒன்று கொடுக்கலாம். தயக்கமாக இருந்தால் அடியில் எறும்பு எழுத்தில் உங்கள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை: இந்தப் பாராட்டு இந்த ஏழுமலைக்கு மட்டுமே பொருந்தும்.